அறிவிப்புப் பலகையோடு முடிவதில்லை!



டிப்ளமோ முடித்த கையோடு நம்மில் பலர் ஏதாவது ஒரு தொழிற்சாலை வாசலில் அப்ரெண்டிஸாகப் போய் நிற்கப் போகிறோம். ஸ்ரீபெரும்புதூரோ, ஓசூரோ, கோவையோ, எங்கே போனாலும் முதல் நாள் சடங்கு ஒன்றுதான். அடையாள அட்டை, சேஃப்டி ஷூ, கேண்டீன் டோக்கன், அப்புறம் ஒரு கட்டுக் காகிதம். "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து" என்று ஹெச்.ஆர். அலுவலர் விரலால் காட்டக் காட்ட, நாமும் போட்டுக்கொண்டே போவோம். அந்தக் கட்டுக்குள் 'பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை' என்று ஒரு தாள் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்!

அந்த ஒரு தாளுக்குப் பின்னால் ஹெச்.ஆர். துறைக்கு எத்தனை கடமைகள் இருக்கின்றன? அவற்றில் எது தவறினால் யாருடைய வாழ்க்கை பாதிக்கப்படும்? இதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். "நாம மெக்கானிக்கல், நமக்கு எதுக்குய்யா சட்டம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

சட்டம் வந்த கதை

1992-ஆம் ஆண்டு. ராஜஸ்தான் மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம ஊழியராக வேலை பார்த்தவர் பன்வாரி தேவி. குழந்தைத் திருமணத்தைத் தடுப்பதும் அவருடைய வேலையில் ஒரு பகுதி. அப்படி ஒரு திருமணத்தைத் தடுக்க முயன்றதற்குப் பழிவாங்கலாக அவர் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார். 1995-இல் விசாரணை நீதிமன்றம் அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களை வன்கொடுமைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

வேலை செய்யப் போன இடத்தில், செய்த வேலைக்காகவே ஒரு பெண்ணுக்கு இந்தக் கதி என்றால், வேலை கொடுத்தவருக்குப் பொறுப்பே கிடையாதா? இந்தக் கேள்வியோடு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் சென்றன. 1997 ஆகஸ்ட் 13 அன்று தலைமை நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. அதுதான் 'விசாகா தீர்ப்பு'. தனிச் சட்டம் வரும்வரை ஒவ்வொரு நிறுவனமும் புகார் குழு அமைத்தே ஆக வேண்டும் என்றது அது.

1999-இல் இன்னொரு முக்கியமான தீர்ப்பு. தன் கீழ் வேலை பார்த்த பெண்ணிடம் ஒரு அதிகாரி முறைகேடாக நடக்க முயன்றார். 'முயன்றார், ஆனால் தொடவில்லையே' என்று உயர் நீதிமன்றம் இரக்கம் காட்டியது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. உடலைத் தொட்டால்தான் துன்புறுத்தல் என்பதில்லை என்று சொல்லி, அவரைப் பணிநீக்கம் செய்த உத்தரவை மீண்டும் நிலைநிறுத்தியது.

இந்த வழியில் நடந்து வந்ததுதான் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம். கம்பெனிகளில் 'போஷ் சட்டம்' என்பார்கள். 2013 டிசம்பர் 9 முதல் அமலில் இருக்கிறது.

எது துன்புறுத்தல்? யார் பணியாளர்?

சட்டம் ஐந்து வகைகளைச் சொல்கிறது. விரும்பத்தகாத தொடுதலும் நெருங்கும் முயற்சியும் ஒன்று. பாலியல் இணக்கம் கேட்பது இரண்டு. பாலியல் சாயம் பூசிய பேச்சு மூன்று. ஆபாசப் படம் காட்டுவது நான்கு. இந்த ரகத்தில் வரும் வேறு எந்த விரும்பத்தகாத சொல், செயல், சைகையும் ஐந்து. இந்த எல்லாவற்றுக்கும் பொதுவான சொல் 'விரும்பத்தகாத' என்பதுதான். "நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்பது பதில் ஆகாது. சொன்னவர் என்ன நினைத்தார் என்பதை மட்டும் வைத்து இதை அளக்க முடியாது. கேட்டவர் அதை விரும்பினாரா என்பதுதான் கேள்வி. "நான் சொல்றபடி நடந்துக்கிட்டா கன்ஃபர்மேஷன் நிச்சயம்" என்று ஆசை காட்டுவதும், "இல்லைன்னா ரிப்போர்ட்டுல கை வைப்பேன்" என்று மிரட்டுவதும் இதில் சேர்த்தி.

இனி நம்மைத் தொடும் விஷயத்துக்கு வருவோம். இந்தச் சட்டத்தில் 'பணியாளர்' என்றால் நிரந்தரத் தொழிலாளி மட்டுமல்ல. தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர் என எல்லாரும் அடக்கம். 'அப்ரெண்டிஸ்' என்ற சொல்லையே சட்டம் வெளிப்படையாகப் பயன்படுத்துகிறது. எனவே, "நீ எங்க ரோல்ல இல்லையே, காண்ட்ராக்டர்கிட்ட போய்ச் சொல்லு" என்று எந்த ஹெச்.ஆரும் தட்டிக்கழிக்க முடியாது. கம்பெனி பஸ், வேலை நிமித்தம் போன வெளியூர் சைட், வாடிக்கையாளர் ஆலை, இவையும் 'பணியிடம்'தான்.

ஆண் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்கும் உரிமை பெண்களுக்கு மட்டுமே. ஆண் ஊழியருக்குத் தொல்லை என்றால் கம்பெனியின் பொதுவான நடத்தை விதிகளின்படிதான் போக வேண்டும்.

முதல் கடமை: குழு

நிறுவனத் தலைமை எழுத்துப்பூர்வ ஆணை பிறப்பித்து 'உள்ளகப் புகார் குழு'வை அமைக்க வேண்டும். நடைமுறையில் அந்த ஆணையைத் தயார் செய்வது ஹெச்.ஆர்.தான். குழுவின் தலைவர், உயர் நிலையில் பணிபுரியும் ஒரு பெண். ஊழியர்களிலிருந்து குறைந்தது இரண்டு பேர். பெண்கள் நலனில் ஈடுபாடுள்ள தொண்டு நிறுவனத்திலிருந்தோ, இந்த விஷயம் அறிந்தவர்களிலிருந்தோ வெளியார் ஒருவர். மொத்தத்தில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். பதவிக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்.

வெளியாள் எதற்கு? ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்குகிற நான்கு பேர் சேர்ந்து தங்கள் ஜெனரல் மேனேஜர் மீதான புகாரை விசாரித்தால் எப்படி இருக்கும்? அவர் ஒரு இருமல் இருமினாலே போதும், குழுவுக்குக் காய்ச்சல் வந்துவிடும்! மேலதிகாரிக்குப் பயப்படத் தேவையில்லாத ஒருவராவது உள்ளே இருக்கட்டும் என்றுதான் அந்த ஏற்பாடு.

இங்கே நடக்கும் கோளாறுகள் பல. சென்னைத் தலைமை அலுவலகத்தில் குழு இருக்கும். ஓசூர் ஆலையில் இருக்காது. சட்டமோ ஒவ்வொரு கிளைக்கும் ஒரு குழு கேட்கிறது. வேலையை விட்டுப் போன மேடத்தின் பெயரும், யாரும் எடுக்காத போன் நம்பரும் இன்னும் போர்டில் தொங்கும். மூன்றாண்டு முடிந்து போன குழு தூசி படிந்து கிடக்கும். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது. நாட்டின் 30 தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களில் 16-இல் முறையான குழுவே இல்லை என்ற பத்திரிகைச் செய்தியைத் தீர்ப்பில் எடுத்துக் காட்டி, அமலாக்கத்தில் பெரிய ஓட்டைகள் இருப்பதாக வருந்தியது. சட்டம் வந்து பத்தாண்டு ஆன பிறகு இந்த நிலை! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரிதானே?

பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் பட்டறைகளுக்கு என்ன வழி? அங்கேயும், புகாரே முதலாளி மீது என்றாலும், மாவட்ட அளவில் உள்ள 'உள்ளூர்ப் புகார் குழு'விடம் போகலாம். ஆக, எங்கே வேலை பார்த்தாலும் போக ஓர் இடம் உண்டு.

இரண்டாவது கடமை: நாட்களை எண்ணுவது

ஒரு மாணவி அப்ரெண்டிஸாகச் சேர்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். லைன் சூப்பர்வைசர் தொல்லை கொடுக்கிறார். அவள் துணிந்து புகார் எழுதுகிறாள். அதற்குப் பிறகு நடக்க வேண்டியது என்ன?

சம்பவம் நடந்து, தொடர் சம்பவமானால் கடைசிச் சம்பவம் நடந்து, மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். எழுத முடியாத நிலையில் இருந்தால் எழுத உதவுவது குழுவின் பொறுப்பு.

புகார் கிடைத்த ஏழு வேலை நாட்களுக்குள் அதன் நகல் எதிர்த்தரப்புக்குப் போக வேண்டும். நகல் கிடைத்த பத்து வேலை நாட்களுக்குள் அவர் பதில் தர வேண்டும். விசாரணையில் தலைவர் உட்பட மூன்று பேராவது அமர்ந்திருக்க வேண்டும். இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது. விசாரணை முழுவதும் 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். முடிந்த பத்து நாட்களுக்குள் அறிக்கை. அறிக்கை கைக்கு வந்த 60 நாட்களுக்குள் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும். தொண்ணூறு, பத்து, அறுபது. இந்த மூன்று எண்களையும் வெர்னியர் காலிப்பரின் லீஸ்ட் கவுண்ட் மாதிரி மனதில் பதித்துக்கொள்ளுங்கள்!

ஏன் இவ்வளவு கறார்? அப்ரெண்டிஸ்ஷிப் பெரும்பாலும் ஓராண்டு சமாச்சாரம். ஹெச்.ஆர். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நாளைக் கடத்தினால், அவள் பயிற்சியே முடிந்து வெளியே போய்விடுவாள். அல்லது பாதியிலேயே பெட்டி கட்டிவிடுவாள். வீட்டில் "போதும்மா, கெளம்பி வா" என்பார்கள். பயிற்சிச் சான்றிதழ் போச்சு, அதை வைத்துத் தேட வேண்டிய வேலையும் போச்சு. தொல்லை கொடுத்தவரோ அடுத்த பேட்ச்சுக்கும் சூப்பர்வைசராக இருப்பார்! தாமதம் என்பது வெறும் தாமதம் இல்லை நண்பர்களே, அதுவே ஒரு தீர்ப்பு.

விசாரணை நடக்கும்போது அவள் எழுதிக் கேட்டால், குழு இடைக்காலப் பரிந்துரை செய்யலாம். அவளையோ எதிர்த்தரப்பையோ வேறு இடத்துக்கு மாற்றலாம். வழக்கமான லீவுக்கு மேல் மூன்று மாதம் வரை அவளுக்கு விடுப்பு தரலாம். அவளுடைய வேலை பற்றி எதிர்த்தரப்பு ரிப்போர்ட் எழுதக்கூடாது என்று தடுக்கலாம். நடைமுறையில் என்ன நடக்கிறது? "பாதுகாப்புக்காக" என்று சொல்லி, கேட்காமலே பெண்ணை வேறு செக்‌ஷனுக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தண்டனை யாருக்கு என்றே புரியாது.

மூன்றாவது கடமை: ஹெச்.ஆர். நீதிபதி அல்ல!

"ரெண்டு பேரையும் கூப்பிட்டு வெச்சு சமாதானம் பேசி அனுப்பிட்டோம் சார்." இதைச் சாமர்த்தியம் என்று நினைக்கும் அதிகாரிகள் உண்டு. சட்டத்தின் கண்ணில் இது தவறு. சமரசம் என்பது அந்தப் பெண்ணே கேட்டால்தான் உண்டு. அதுவும் குழுவின் மூலமாகத்தான். பணம் கொடுத்து முடிப்பதைச் சமரசத்தின் அடிப்படையாகக் கொள்ளவே கூடாது.

புகாரில் உண்மை இருக்கிறதா என்று முடிவு செய்யும் வேலை குழுவுக்கு உரியது. ஹெச்.ஆரின் வேலை, புகார் குழுவுக்குப் போய்ச் சேர வழி விடுவது, குழு உட்கார அறையும் கேட்கும் ஆவணமும் கொடுப்பது, சாட்சிகளுக்கு ஷிப்ட் மாற்றித் தந்து வரவழைப்பது, வந்த பரிந்துரையை நிறைவேற்றுவது. பெண் போலீசுக்குப் போக விரும்பினால் அதற்கும் நிர்வாகம் உதவியாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவு இந்தக் குற்றத்துக்கு உரியது. அதற்கு முன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354ஏ பிரிவு இருந்தது.

குழு அமைக்காத நிறுவனத்துக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். மறுபடியும் தவறினால் இரு மடங்கு. தொழில் உரிமமே ரத்தாகவும் வாய்ப்புண்டு.

நான்காவது கடமை: வாயைக் கட்டுவது

புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள், இவர்களின் பெயரோ அடையாளமோ விசாரணை விவரமோ வெளியே போகக்கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். ஃபைல் பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். பிரிண்டரில் பிரிண்ட் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிற பழக்கத்துக்கு இங்கே இடமில்லை. கேண்டீனில் ஒரு வார்த்தை கசிந்தால் அது மூன்றாவது ஷிப்டுக்குள் முழுக் கதையாகிவிடும் என்பது நமக்குத் தெரியாததா?

இந்த ரகசியம் இரண்டு பக்கமும் காக்கும் கேடயம். குற்றம் சாட்டப்பட்டவர் நிரபராதியாகவும் இருக்கலாம் அல்லவா? "அப்போ பொய்ப் புகார் கொடுத்தா?" என்று சில நண்பர்கள் கேட்பது காதில் விழுகிறது. தீய நோக்கத்தோடு, பொய் என்று தெரிந்தே கொடுத்த புகார் என்று விசாரணையில் நிரூபணமானால் நடவடிக்கைக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் நிரூபிக்க முடியாமல் போனது வேறு, பொய் சொன்னது வேறு. ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பெண்ணைத் தண்டிக்க முடியாது. இந்த வேறுபாடு தெரியாத ஹெச்.ஆர். அலுவலர், "பொய்யா இருந்தா உன் மேலதான் ஆக்‌ஷன், யோசிச்சுக்கோ" என்று முதல் நாளே பயமுறுத்திப் புகாரைத் தன் மேஜையிலேயே புதைத்துவிடுகிறார்.

பூஜ்யம் என்பது நல்ல செய்தியா?

குழு ஆண்டுதோறும் நிர்வாகத்துக்கும் மாவட்ட அலுவலருக்கும் அறிக்கை தர வேண்டும். எத்தனை புகார் வந்தது, எத்தனை முடிந்தது, 90 நாளைத் தாண்டி நிற்பது எத்தனை, எத்தனை பயிற்சி வகுப்பு நடந்தது என்றெல்லாம் அதில் இருக்கும். 2025 ஜூலை முதல், கம்பெனிகளின் இயக்குநர் குழு அறிக்கையிலும் வந்த புகார், முடிந்த புகார், 90 நாளைத் தாண்டியவை என எண்ணிக்கை தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது.

பல நிறுவனங்கள் 'புகார்கள்: பூஜ்யம்' என்று எழுதிப் பெருமைப்படுகின்றன. நாம் குவாலிட்டி கன்ட்ரோல் படித்தவர்கள். ஆயிரக்கணக்கான பீஸ் ஓடுகிற லைனில் மாதக் கணக்கில் ஒரு ரிஜெக்‌ஷன்கூட இல்லை என்றால் அனுபவமுள்ள இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்? கைதட்ட மாட்டார். முதலில் கேஜை எடுத்துச் சோதிப்பார்! நூற்றுக்கணக்கான பெண்கள் வேலை பார்க்கும் ஆலையில் வருடக் கணக்கில் பூஜ்யம் என்றால், ஒருவேளை உண்மையிலேயே அது நல்ல இடமாக இருக்கலாம். அல்லது புகார் கொடுக்கும் வழி அடைபட்டிருக்கலாம். எது என்று சோதிப்பது ஹெச்.ஆரின் கடமை. வழியில் நிற்கிற பத்துப் பெண் தொழிலாளர்களைக் கேட்டுப் பார்த்தால் போதும்: "குழுவுல யார் இருக்காங்க தெரியுமா? அவங்ககிட்ட போக முடியுமா?" பத்துப் பேரும் விழித்தால் கேஜ் பழுது என்று பொருள்.

நம் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதியில் ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் அதே ஆலையின் சூப்பர்வைசர். அதன் பிறகு 2022 ஏப்ரலில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' செய்துகொண்டன. உடை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து, தொல்லைகளைத் தளத்திலேயே கண்டு சொல்ல ஏற்பாடு செய்தார்கள். போர்டு பேசாது, ஆள்தான் பேசும் என்பதை அது காட்டியது.

நமக்கு என்ன?

முதலில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். இன்று அப்ரெண்டிஸ்; ஐந்தாறு வருடத்தில் நாம்தான் சூப்பர்வைசர், ஷிப்ட் இன்சார்ஜ். பாதிக்கப்பட்ட ஒரு பெண் முதலில் ஹெச்.ஆர். அறைக்குப் போவது அபூர்வம். பக்கத்தில் நிற்கும் இன்சார்ஜிடம்தான் தயங்கித் தயங்கி, "சார், என்னை வேற மெஷினுக்கு மாத்துங்க" என்பாள். அந்த வாக்கியத்துக்குள் ஒரு புகார் ஒளிந்திருக்கலாம். அப்போது நாம் என்ன செய்ய வேண்டும்?

குறுக்கிடாமல் கேளுங்கள். "ஊசி இடங்கொடுக்காம நூல் நுழையுமா?" என்ற பழமொழியை மறந்தும் வாயில் எடுக்காதீர்கள். "முள்ளு மேல சேலை விழுந்தாலும் சேலைக்குத்தான் சேதம்" என்று புத்தி சொல்லி அடக்காதீர்கள். சேதம் எப்போதும் சேலைக்கே என்று ஒப்புக்கொண்டால், முள்ளை யார்தான் வெட்டுவது? நீங்களே விசாரிக்கவும் கிளம்பாதீர்கள். குழுத் தலைவரின் பெயரையும் எண்ணையும் கொடுங்கள். தேதி, நேரம், சாட்சி ஆகியவற்றைக் குறித்து வைக்கவும், வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழிக்காமல் வைக்கவும் சொல்லுங்கள். அதன் பிறகு யாரிடமும் பேசாதீர்கள்.

இதற்கெல்லாம் வேலைக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏ.ஐ.சி.டி.இ.யின் 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி பாலிடெக்னிக் உட்பட ஒவ்வொரு தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்திலும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும். அது ஊழியர்களுக்கு மட்டுமல்ல, மாணவிகளுக்கும் உரியது. நம் கல்லூரிக் குழுவின் தலைவர் யார்? உங்களுக்குப் பெயர் தெரியுமா? தெரியாவிட்டால் இந்த மலரை மூடி வைத்துவிட்டு, அலுவலக வராந்தாவில் உள்ள பலகையைப் போய்ப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் நம் மாணவர் பேரவை கேட்கட்டும். பேரவை இருப்பது கலை விழா நடத்த மட்டுமா?

மெஷினுக்குப் பாதுகாப்புக் கவசம் போடாமல் ஸ்விட்ச் போட மாட்டோம் என்று ஒர்க்‌ஷாப்பில் முதல் நாளே படித்தோம். மெஷினை இயக்குகிற மனுஷிக்கும் ஒரு கவசத்தைச் சட்டம் செய்து கொடுத்திருக்கிறது. அதைப் பொருத்த வேண்டியது ஹெச்.ஆர்.; அது பொருந்தியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது நாம்.

— மூன்றாம் ஆண்டு மாணவர்,
இயந்திரப் பொறியியல் துறை